அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் குழப்பம்: பேரப்பிள்ளைகள் எழுத வேண்டிய ஒரு தாள்

“பெரட்டுக்கு நேரமாச்சு. என் கூடை எங்க?”

அறுவை சிகிச்சை முடிந்த இரண்டாம் நாள் இரவு, மருத்துவமனைக் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என் பாட்டி இப்படிக் கேட்டாராம். பக்கத்துக் கட்டிலில் இருந்த ஒரு தமிழ் அம்மா மறுநாள் எங்களிடம் சொன்னார். பாட்டிக்கு அப்போது வயது 78. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்தவர். பெரட்டுக்குப் போவதை நிறுத்தி இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததால், மலைக்குக் கீழே உள்ள ஒரு மருத்துவமனையில் அவருக்கு அறுவை சிகிச்சை நடந்தது.

சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. முதல் நாள் எங்களை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். இரண்டாம் நாள் இரவோ, கையில் சொருகியிருந்த குழாயைப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். தாதியைக் கங்காணி என்று நினைத்துக் கைகூப்பியிருக்கிறார். மறுநாள் நாங்கள் போனபோது கண்ணை மூடியபடி பேசாமல் கிடந்தார். கூப்பிட்டால் விழித்தார்; நாங்கள் ஒரு வாக்கியம் பேசி முடிப்பதற்குள் மீண்டும் எங்கோ போய்விட்டார்.

அன்று எங்கள் குடும்பத்தில் மூன்று விளக்கங்கள் சொல்லப்பட்டன. “ஏதோ காத்து கருப்பு பட்டிருக்கு, விபூதி கொண்டு வாங்க” என்றார் மாமா. “வயசாச்சுல்ல, புத்தி தடுமாறிப் போச்சு” என்றார் அத்தை. “மயக்க ஊசி இன்னும் தெளியல, தானா சரியாயிடும்” என்றேன் நான். அறிவியல் ஆசிரியர் சொன்னதால் என் விளக்கத்தை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள். மூன்று விளக்கங்களும் தவறு. மூன்றிலும் என்னுடையதுதான் அதிகக் கெடுதல் செய்தது. அதை நம்பி நாங்கள் ஒரு நாள் முழுவதும் யாரிடமும் எதுவும் கேட்காமல் இருந்துவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருப்பார். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசியர்களில் 6.8 விழுக்காட்டினர் 65 வயதையும் அதற்கு மேலும் கடந்தவர்கள். இந்த எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. இடுப்பெலும்பு, மூட்டு, இதயம், குடல் என்று முதியவர்களுக்கு நடக்கும் அறுவை சிகிச்சைகளும் கூடிக்கொண்டே போகின்றன. ஆகவே நான் அன்று அறியாததை நீங்கள் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு பெயர் உண்டு

மருத்துவத்தில் இதை டெலிரியம் என்கிறார்கள். லத்தீன் மொழியில் ‘லிரா’ என்றால் உழவுச்சால். சால் மாறிப் போகும் ஏர்போல மனம் தன் தடத்தைவிட்டு விலகுகிறது என்பதே அந்தச் சொல்லின் மூலப் பொருள். கடுமையான காய்ச்சலில் ஒருவர் பிதற்றினால் “ஜன்னி கண்டிருச்சு” என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அதுவும் இதே நிலைதான். இந்தக் கட்டுரையில் இதைத் திடீர்க் குழப்பம் என்று சொல்கிறேன். ‘திடீர்’ என்ற அந்தச் சொல் முக்கியமானது.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் மாதக் கணக்கில், ஆண்டுக் கணக்கில் மெல்ல வளரும். திடீர்க் குழப்பம் சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் வந்துவிடும். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பெரும்பாலும் முதல் மூன்று நாள்களுக்குள் தலைகாட்டும். காலையில் தெளிவாக இருப்பார், மாலையில் குழம்புவார், நள்ளிரவில் மோசமாவார். மறுநாள் காலை மீண்டும் தெளிவார். இப்படி ஏறி இறங்குவதே அதன் அடையாளம்.

அமெரிக்க மருத்துவர் ஷெரன் இனூயியும் அவருடைய குழுவினரும் 1990ஆம் ஆண்டில் இதைக் கண்டறிய ஓர் எளிய முறையை வெளியிட்டார்கள். அது நான்கு கேள்விகளைக் கேட்கிறது. ஒன்று, மாற்றம் திடீரென்று வந்து ஏறி இறங்குகிறதா? இரண்டு, கவனம் சிதறுகிறதா? மூன்று, பேச்சு கோவையில்லாமல் இருக்கிறதா? நான்கு, விழிப்பு நிலை மாறியிருக்கிறதா? அதாவது, அளவுக்கு மீறிய பரபரப்போ அளவுக்கு மீறிய சோர்வோ தெரிகிறதா? முதல் இரண்டுக்கும் ‘ஆம்’ என்ற விடையும், மூன்றாவது அல்லது நான்காவதில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்ற விடையும் கிடைத்தால் திடீர்க் குழப்பம் என்று ஐயப்பட வேண்டும். இன்றும் உலகின் பல மருத்துவமனைகளில் இந்த முறை பயன்படுகிறது.

பரபரப்பு, சோர்வு என்ற இரண்டையும் நினைவில் வையுங்கள். கத்துகிறவரை, குழாயைப் பிடுங்குகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள். அமைதியாக, யாருக்கும் தொந்தரவு தராமல், சுருண்டு கிடப்பவரை “பாவம், நல்லா தூங்குறாரு” என்று விட்டுவிடுவார்கள். முதியவர்களிடம் இந்த அமைதியான வகை அதிகம், தவறவிடப்படுவதும் அதுவே. என் பாட்டியிடம் இரவில் ஒன்றும் பகலில் மற்றொன்றுமாக இரண்டும் கலந்து இருந்தன.

இது அரிதான ஒன்றன்று. பெரிய அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் முதியவர்களில் 100 பேருக்கு 15 முதல் 25 பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. இடுப்பெலும்பு முறிவு, இதய அறுவை சிகிச்சை போன்றவற்றில் இது பாதிப் பேர்வரை போகலாம். பெரும்பாலோர் சில நாள்களில் தெளிந்துவிடுகிறார்கள். சிலருக்கு வாரங்கள், மாதங்கள்கூட ஆகும். திடீர்க் குழப்பத்துக்கு ஆளானவர்கள் மருத்துவமனையில் கூடுதல் நாள் தங்க நேர்கிறது. பின்னாளில் அவர்களிடம் நினைவாற்றல் குறைவும் அதிகம் காணப்படுகிறது.

மண்சரிவும் மூளையும்

இது ஏன் சிலருக்கு வருகிறது, சிலருக்கு வருவதில்லை? எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை மண்சரிவை வைத்து விளக்குவேன்.

மழைக்காலத்தில் சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் சாலையில் பயணம் செய்தவர்கள் மண் சரிந்த இடங்களைப் பார்த்திருப்பீர்கள். மரங்களை வெட்டி, சரிவைச் செங்குத்தாக அறுத்து, நீர் வடிய வழியில்லாமல் விட்ட இடம் ஒரு சாதாரண மழைக்கே இறங்கிவிடும். வேர் பிடித்து நிற்கும் காட்டுச் சரிவு பெருமழையையும் தாங்கும். ஆகவே “எவ்வளவு மழை பெய்தது?” என்று மட்டும் கேட்டால் போதாது. “சரிவு முன்பே எந்த நிலையில் இருந்தது?” என்றும் கேட்க வேண்டும்.

இனூயியும் பீட்டர் ஷார்பான்டியேவும் 1996ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, திடீர்க் குழப்பத்தை ஏறத்தாழ இப்படித்தான் விளக்கியது. அபாயக் காரணிகளை அது இரு வகையாகப் பிரித்தது. நோயாளி மருத்துவமனைக்கு வரும்போதே சுமந்து வருபவை ஒரு வகை. அவை சரிவின் நிலை. மருத்துவமனையில் புதிதாகச் சேர்பவை மறு வகை, அவை மழை. முதல் வகைக் காரணிகள் பல உள்ளவருக்குச் சிறு தூண்டுதலே போதும். அவை இல்லாதவருக்குப் பல தூண்டுதல்கள் சேர்ந்தால்தான் குழப்பம் வரும்.

முன்பே இருப்பவை எவை? முதலாவது வயது; 65ஐத் தாண்டியவர்களுக்கு அபாயம் கூடுகிறது. அடுத்தது மறதி நோய் அல்லது நினைவாற்றல் குறைவு. இதுதான் எல்லாவற்றிலும் வலுவான காரணிகளுள் ஒன்று. நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.5 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கக்கூடும். அவர்களில் பலருக்கு அது இருப்பது வீட்டாருக்கே தெரியாது. பார்வைக் குறைவு, காது மந்தம், முன்பு வந்த பக்கவாதம், உடல் மெலிவு, ஊட்டக் குறைவு, பல நோய்களுக்குப் பல மாத்திரைகள், மதுப் பழக்கம், முன்பே ஒரு முறை இதே குழப்பம் வந்திருப்பது ஆகியவையும் இந்தப் பட்டியலில் வரும்.

புதிதாகச் சேர்பவை எவை? அவசர அறுவை சிகிச்சை, பெரிய அறுவை சிகிச்சை, வலி, கிருமித் தொற்று, உடலில் நீர் வற்றுதல், இரத்தத்தில் சோடியம் போன்ற உப்புகளின் அளவு மாறுதல், உயிர்வளிக் குறைவு, மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, சிறுநீர்க் குழாய், தூக்கமின்மை, படுத்த படுக்கை, கைகால்களைக் கட்டி வைத்தல், சில வகை மருந்துகள். இவற்றில் ஒன்றுகூடப் பேயோ பிசாசோ இல்லை என்பதைக் கவனியுங்கள். வயது ஒரு காரணி. ஆனால் வயது மட்டுமே காரணம் என்றால் அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் எல்லா முதியவர்களுக்கும் இது வர வேண்டுமே! மாமாவின் விளக்கமும் அத்தையின் விளக்கமும் இங்கே விழுந்துவிடுகின்றன.

என் விளக்கம் எங்கே தவறியது?

மயக்க மருந்துதான் காரணம் என்பது படித்தவர்களும் நம்பும் ஒன்று. அதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவிலும் கனடாவிலும் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரை இரு குழுவாகப் பிரித்து நடத்திய ஓர் ஆய்வு 2021ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒரு குழுவுக்கு முழு மயக்கம் கொடுத்தார்கள். மறு குழுவுக்கு முதுகுத்தண்டில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்தார்கள். முழு மயக்கம்தான் குற்றவாளி என்றால் முதல் குழுவில் குழப்பம் மிக அதிகமாக இருந்திருக்க வேண்டும். கிடைத்த விடை வேறு. முழு மயக்கக் குழுவில் 19.7 விழுக்காடு, முதுகுத்தண்டு ஊசிக் குழுவில் 20.5 விழுக்காடு. குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை.

மயக்க மருந்துக்குப் பங்கே கிடையாது என்று இதற்குப் பொருளல்ல. முழு மயக்கமா முதுகு ஊசியா என்பது நாம் நினைத்த அளவுக்கு முக்கியமில்லை என்பதே பொருள். அப்படியானால் மூளையில் என்ன நடக்கிறது? முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. ஆனால் இரண்டு விளக்கங்களுக்கு வலுவான சான்றுகள் உண்டு.

முதலாவது, அழற்சி. அறுவை சிகிச்சையில் வெட்டப்பட்ட திசுக்களிலிருந்து எச்சரிக்கை வேதிப்பொருள்கள் இரத்தத்தில் கலக்கின்றன. இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே ஒரு காவல் தடுப்பு இருக்கிறது. வயதானவர்களிடம் அந்தத் தடுப்பு பலவீனமாக இருப்பதால் அழற்சியின் தாக்கம் மூளைக்குள்ளும் பரவி, நரம்பு செல்களின் வேலையைக் கெடுக்கிறது.

இரண்டாவது, அசிட்டைல்கோலின். படிவம் 4 உயிரியலில் சினாப்ஸ் பற்றிப் படிக்கும்போது இந்த நரம்பியக் கடத்தியைச் சந்திப்பீர்கள். தசையை இயக்க மட்டும் அல்ல, கவனத்தையும் நினைவையும் நிறுத்தி வைக்கவும் மூளைக்கு இது தேவை. முதிய மூளையில் இதன் கையிருப்பு குறைவு. சில மருந்துகள் இதன் வேலையைத் தடுக்கின்றன. சளிக்கும் அரிப்புக்கும் நாம் சாதாரணமாக வாங்கிப் போடும் குளோர்பெனிரமின் மாத்திரை அவற்றில் ஒன்று. இளைஞருக்குத் தூக்கம் வரவழைப்பதோடு நின்றுவிடும் அந்த மாத்திரை, அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் 78 வயதுப் பாட்டிக்குக் குழப்பத்தையே உண்டாக்கலாம்.

பாட்டிக்கு நாங்கள் சேர்த்த மழை

மூன்றாம் நாள் மாலை, தமிழ் பேசும் ஒரு தாதி பணிக்கு வந்தார். பாட்டியின் உதட்டைப் பார்த்துவிட்டு, “அம்மாவுக்குக் கண்ணாடி போடுற பழக்கம் உண்டா? காது நல்லா கேக்குமா? இன்னிக்கி எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?” என்று எங்களிடம் கேட்டார். எங்களுக்கு வெட்கமாகிவிட்டது.

பாட்டியின் மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் வீட்டில் அலமாரியில் பத்திரமாக இருந்தன. மருத்துவமனையில் தொலைந்துவிடும் என்று நாங்கள்தான் கழற்றி வைத்தோம். ஆகவே மூன்று நாளாக அவர் பார்த்தது மங்கலான வெள்ளை உருவங்களை. கேட்டது புரியாத முணுமுணுப்பை. படுக்கையில் சிறுநீர்ப் பாத்திரம் கேட்க வெட்கப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே நிறுத்தியிருந்தார். அவருக்குத் தெரிந்த மலாய் சந்தையில் காய்கறி வாங்கப் போதுமானது; வலியை விவரிக்கப் போதாது. அரிப்புக்காகத் தினமும் இரவில் ஒரு மாத்திரை போடுவார் என்பதை நாங்கள் மருத்துவரிடம் சொல்லவே இல்லை. பரிசோதனையில் சிறுநீர்த் தொற்றும் தெரிந்தது.

தொற்றுக்கு மருந்து கொடுத்தார்கள். கண்ணாடியும் கருவியும் வந்தன. மணிக்கொரு தடவை சில மிடறு தண்ணீர். பகலில் நாற்காலியில் உட்கார வைத்தல். இரவில் விளக்கைக் குறைத்தல். பக்கத்தில் எப்போதும் வீட்டு ஆள் ஒருவர். ஐந்தாம் நாள் அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

இது ஒரே ஒருவரின் கதை. ஒருவருக்கு நடந்ததை வைத்து அறிவியலில் முடிவு கட்டக்கூடாது என்று வகுப்பில் நான்தான் சொல்லித் தருகிறேன். ஆகவே ஆய்வுகளைப் பார்ப்போம்.

தைவானில் 377 முதியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2017ஆம் ஆண்டில் வெளிவந்தது. வயிற்று அறுவை சிகிச்சை செய்துகொண்ட அவர்களில் ஒரு குழுவுக்குத் தாதியர் தினமும் மூன்று காரியங்களைக் கூடுதலாகச் செய்தார்கள். இன்று என்ன நாள், இது எந்த இடம் என்று நினைவூட்டிப் பேசினார்கள்; வாயைச் சுத்தம் செய்து சாப்பிட உதவினார்கள்; சீக்கிரமே எழுந்து நடக்க வைத்தார்கள். வழக்கமான கவனிப்புப் பெற்றவர்களில் 15.1 விழுக்காட்டினருக்குத் திடீர்க் குழப்பம் வந்தது. இந்த மூன்றையும் பெற்றவர்களில் 6.6 விழுக்காட்டினருக்கே வந்தது.

சீனாவில் செங்டூ நகரிலுள்ள மேற்குச் சீன மருத்துவமனை இன்னும் ஒரு படி மேலே போனது. அறுவை சிகிச்சை செய்துகொண்ட, 70 வயதும் அதற்கு மேலும் ஆன 281 பேர் அந்த ஆய்வில் இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் என்னென்ன அபாயக் காரணிகள் உள்ளன என்று பார்த்து, அதற்கு ஏற்பத் திட்டம் வகுத்து, குடும்பத்தாரையும் கவனிப்பில் சேர்த்துக்கொண்டார்கள். 2020இல் வெளிவந்த முடிவு இது: வழக்கமான கவனிப்பில் இருந்த 129 பேரில் 25 பேருக்குக் குழப்பம் வந்தது, குடும்பம் சேர்ந்த குழுவில் இருந்த 152 பேரில் 4 பேருக்கு மட்டுமே வந்தது. கணிப்பானை எடுத்து விழுக்காட்டைப் போட்டுப் பாருங்கள். முதலாவது 19.4, இரண்டாவது 2.6.

எல்லா மருத்துவமனையிலும் இதே அளவு பலன் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தோடு பயிற்சி பெற்ற தாதியரும் அங்கே உழைத்தார்கள். ஆனாலும் திசை தெளிவாக இருக்கிறது. இந்தக் குழப்பத்தில் ஒரு பெரும் பங்கைத் தடுக்க முடியும். தடுக்கும் கருவிகளில் பல, விலை மதிப்புள்ள இயந்திரங்கள் அல்ல.

வீட்டாரிடம் மட்டுமே உள்ள தகவல்

என் கருத்து இதுதான்: முதியவர் ஒருவர் அறுவை சிகிச்சைக்குப் போகும்போது, அவரைப் பற்றிய ஒரு தாளை வீட்டார் எழுதிக் கொடுப்பது வழக்கமாக வேண்டும். அதை எழுதுவதற்கு மிகப் பொருத்தமானவர்கள் இடைநிலைப்பள்ளி மாணவர்களாகிய நீங்கள்.

ஏன் என்று சொல்கிறேன். நான்கு கேள்விகளில் முதலாவதை மீண்டும் பாருங்கள். “மாற்றம் திடீரென்று வந்ததா?” என்பது அது. இதற்கு விடை சொல்ல, நேற்றுவரை அவர் எப்படி இருந்தார் என்பது தெரிய வேண்டும். மருத்துவர் அவரை இன்றுதான் பார்க்கிறார். தாதி மூன்று வேளைக்கு ஒருவராக மாறுகிறார். காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. இரத்த அழுத்தத்தை அளக்கவும் கருவி இருக்கிறது. ‘பாட்டி வழக்கமாக இப்படிப் பேசமாட்டார்’ என்பதை அளக்க எந்தக் கருவியும் இல்லை. அந்தத் தகவல் வீட்டாரிடம் மட்டுமே இருக்கிறது.

மொழியும் ஒரு காரணம். கவனத்தைச் சோதிக்க, ஆண்டின் மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லும்படி கேட்பது ஒரு வழக்கம். தோட்டத்தில் பிறந்து, பள்ளி வாசலையே மிதிக்காத ஒரு பாட்டிக்கு அது தெளிந்த மனத்தோடு இருக்கும்போதே கடினம். கிழமைகளைத் தமிழில் பின்னோக்கிச் சொல்லச் சொன்னால் சொல்லிவிடுவார். இந்த வேறுபாடு புரியாவிட்டால், குழம்பாதவரைக் குழம்பியவர் என்றும், குழம்பியவரைப் படிக்காதவர் என்றும் தவறாக முடிவு செய்ய நேரிடும். பாட்டியிடம் தமிழிலும், தாதியிடம் மலாயிலும், மருத்துவரிடம் ஆங்கிலத்திலும் பேசக்கூடியவர் பெரும்பாலான வீடுகளில் யார்? நீங்கள்தான்.

அந்தத் தாளில் எழுத வேண்டியவை இவை:

1. அவர் எந்த மொழியில் நன்றாகப் பேசுவார். எப்படிக் கூப்பிட்டால் பதில் தருவார்.

2. வழக்கமாக நினைவு எப்படி? வழி மறப்பது, அடுப்பை அணைக்க மறப்பது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள்.

3. கண்ணாடி, காதுக் கருவி, பல்செட் உண்டா? உண்டென்றால் பெயர் ஒட்டிய டப்பாவில் போட்டு உடன் கொண்டு போங்கள்.

4. தினமும் போடும் எல்லா மாத்திரைகளும்: அரசாங்க கிளினிக் கொடுத்தவை, கடையில் வாங்கியவை, தூக்க மாத்திரை, நாட்டு மருந்து, சீன மருந்து. உறைகளைப் படம் பிடித்து வைத்தாலும் போதும்.

5. மதுப் பழக்கம். எத்தனை நாளுக்கு ஒரு முறை, எவ்வளவு, கடைசியாக எப்போது.

6. வழக்கமாக எவ்வளவு நடப்பார், என்ன சாப்பிடுவார், எப்போது தூங்குவார், சிறுநீர், மலம் கழிப்பதில் சிரமம் உண்டா.

7. முன்பு எப்போதாவது மருத்துவமனையில் இருந்தபோது குழம்பியிருக்கிறாரா.

ஐந்தாவதைப் பற்றி ஒரு வார்த்தை. இரவில் ‘கொஞ்சம்’ போடும் தாத்தாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். மருத்துவரிடம் சொல்ல வீட்டாருக்கு வெட்கம். ஆனால் தினமும் குடித்தவர் மருத்துவமனையில் திடீரென்று நிறுத்தும்போது, இரண்டு முதல் நான்கு நாள்களுக்குள் நடுக்கமும் பயங்கரமான குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். முன்பே தெரிந்தால் மருத்துவர் அதற்கு ஏற்பாடு செய்வார். இங்கே மானத்தைக் காப்பாற்றப் போய்த் தாத்தாவை இழந்துவிடக்கூடாது. எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடம் தனியாகச் சொன்னால் போதும்.

அறுவை சிகிச்சைக்குப் பிறகு உங்களால் செய்யக்கூடியவையும் உண்டு. கண்ணாடியையும் கருவியையும் போட்டுவிடுங்கள். இன்று என்ன கிழமை, எந்த ஊர், ஏன் இங்கே இருக்கிறார் என்பதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லுங்கள். பகலில் சன்னல் பக்கம் உட்கார வைக்கலாமா, நடக்க வைக்கலாமா என்று தாதியிடம் கேளுங்கள். குடிக்கவும் சாப்பிடவும் எப்போது அனுமதி என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கொடுங்கள். இல்லாத ஒன்றைப் பார்த்ததாக அவர் சொன்னால் சண்டை போடாதீர்கள், சிரிக்கவும் வேண்டாம். “நான் பக்கத்துலதான் இருக்கேன் பாட்டி” என்று கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து எந்த மாத்திரையையும் நீங்களாகக் கொடுக்காதீர்கள். அவரிடம் திடீர் மாற்றம் தெரிந்தால், அவர் அமைதியாகவே இருந்தாலும், “இது அவருடைய வழக்கம் இல்லை” என்று உடனே தாதியிடம் சொல்லுங்கள்.

மறுப்புகளும் நியாயமானவையே

தாதியர் பற்றாக்குறையில் வேலை செய்கிறார்கள். வார்டில் கூட்டம் சேர்ந்தால் தொற்று பரவும், மற்ற நோயாளிகளின் தூக்கம் கெடும் என்று சிலர் சொல்லலாம். உண்மைதான். பத்துப் பேர் கட்டிலைச் சூழ்ந்து நின்று கதை பேசுவது நோயாளிக்கும் நல்லதல்ல. நான் கேட்பது கூட்டத்தை அல்ல. 65 வயதைத் தாண்டி, அபாயக் காரணிகள் உள்ளவருக்கு, வார்டு விதிகளுக்கு உட்பட்டு, முறை வைத்து ஒரே ஒருவர் துணை. நோயாளியைப் பார்க்க வருவது வேறு, துணையாக இருப்பது வேறு. இந்த வேறுபாட்டை மருத்துவமனைகள் ஏற்க வேண்டும். இரவில் குழாயைப் பிடுங்கும் நோயாளியோடு போராடும் தாதிக்கு, அமைதியாகக் கையைப் பிடித்திருக்கும் ஒரு பேத்தி சுமை அல்ல, உதவி.

தோட்டத்திலும் காய்கறிப் பண்ணையிலும் நாள் சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் எப்படி விடுப்பு எடுத்து மலையிறங்கிப் போய் உட்கார முடியும் என்றும் கேட்கலாம். இது இன்னும் கடினமான கேள்வி. எல்லா வீட்டாலும் முடியாது. முடியாத வீட்டுக்குத்தான் அந்தத் தாள் அதிகம் தேவை. ஆள் இருக்க முடியாத நேரத்தில் அந்தத் தாளாவது கட்டிலருகே இருந்து பேசும்.

பாட்டி வீடு திரும்பிய பிறகு ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “அங்க நான் என்னென்ன பேசினேன்? யாரையாச்சும் திட்டிட்டேனா?” என்று கேட்டார். குழப்பத்தில் நடந்ததில் சில துண்டுகள் அவருக்கு நினைவிருந்தன. தமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதாக ஊரில் பேசுவார்களோ என்று பயந்திருக்கிறார். “யாரையும் திட்டல பாட்டி. உங்களுக்குப் பைத்தியமும் இல்ல. தண்ணி குடிக்காம இருந்தீங்க, கிருமி வந்துச்சு, கண்ணாடிய நாங்க கொண்டு வரல. அதான்” என்றேன். நீண்ட நேரம் யோசித்துவிட்டு, “அத அப்பவே சொல்லியிருக்கலாம்ல” என்றார்.

அவரிடம் அப்போதே சொல்ல எனக்குத் தெரிந்திருக்கவில்லை. இப்போது உங்களுக்குத் தெரியும். இந்த வாரக் கடைசியில் தாத்தா பாட்டியிடம் போய் உட்கார்ந்து, மேலே உள்ள ஏழையும் கேட்டு எழுதி, அவருடைய கிளினிக் அட்டையோடு வைத்துவிடுங்கள். மாத்திரை மாறும்போதெல்லாம் அதைத் திருத்துங்கள்.